ஜெப்பர்டியின் இறுதிக் கேள்வி: ஒரு டாலரில் ஆட்டம் கைமாறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ஜெப்பர்டி’ வினாடி வினாவில் 23 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்தார் மேட்டியா ரோச். 2022 மே 6 அன்று ஒளிபரப்பான 24ஆவது ஆட்டம் முடிந்தபோது அவர் கையில் 15,599 டாலர் இருந்தது. எதிரில் நின்ற டேனியெல் மௌரர் கையில் 15,600. கேள்விக்கு விடை தெரிந்ததா தெரியவில்லையா என்பது பாதிக் கதைதான். விடைக்கு முன்பே ஒரு தாளில் போட்ட கழித்தல் கணக்குதான் மீதிப் பாதி. அந்தக் கணக்கைப் பற்றி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

நிகழ்ச்சியைப் பார்த்ததே இல்லை. ஆட்டம் எப்படி நடக்கும்?

மெர்வ் கிரிஃபின் உருவாக்கிய நிகழ்ச்சி இது. 1964 மார்ச் 30 அன்று என்.பி.சி.யில் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1984 செப்டம்பரில் வந்தது. அப்போது முதல் 2020இல் இறக்கும் வரை நடத்தியவர் அலெக்ஸ் ட்ரெபெக். இப்போது நடத்துபவர் கென் ஜென்னிங்ஸ். கீழே அவர் போட்டியாளராகவும் வருவார்.

மூன்று பேர் ஆடுவார்கள். முதல் சுற்றுப் பலகையில் 6 தலைப்புகள், ஒவ்வொன்றிலும் 5 குறிப்புகள், மதிப்பு 200 முதல் 1,000 டாலர் வரை. இரண்டாம் சுற்றில் அதே அமைப்பு, மதிப்பு இருமடங்கு: 400 முதல் 2,000 வரை. 2001 நவம்பர் வரை இந்தத் தொகைகள் இதில் பாதியாகத்தான் இருந்தன. பழைய ஆட்டங்களின் ஸ்கோரை இன்றைய ஸ்கோரோடு ஒப்பிடும்போது அதை நினைவில் வையுங்கள்.

குறிப்பு ஒரு கூற்றாக வரும். போட்டியாளர் கேள்வி வடிவில் பதில் சொல்ல வேண்டும். சரியென்றால் அந்த மதிப்பு ஸ்கோரில் கூடும், தவறென்றால் கழியும். இரண்டு சுற்றுகளிலும் சேர்த்துப் பலகையில் ஒளிந்திருக்கும் மூன்று ‘டெய்லி டபுள்’ கட்டங்களில் மட்டும், அதைத் திறந்தவர் தன் விருப்பப்படி தொகை சொல்லித் தனியாக ஆடுவார்.

இறுதிக் கேள்வியில் எது முதலில், எது பிறகு?

வரிசைதான் இங்கே எல்லாம். முதலில் தலைப்பு மட்டும் தெரியும்: ‘உலக நாடுகள்’, ‘ஷேக்ஸ்பியர் காலம்’ என்பது போல. உடனே விளம்பர இடைவேளை. அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் தன் ஸ்கோருக்குள் ஒரு தொகையைப் பந்தயமாக எழுத வேண்டும். பூஜ்யமும் எழுதலாம், முழு ஸ்கோரையும் எழுதலாம். மற்றவர் எழுதியது தெரியாது. எழுதி உறுதி செய்த பிறகு மாற்ற முடியாது. அதன் பிறகுதான் குறிப்பு வரும். 30 விநாடி இசை ஓடி முடிவதற்குள் விடையை எழுத வேண்டும்.

பூஜ்யத்திலோ அதற்குக் கீழோ இருப்பவருக்கு இந்தச் சுற்றே கிடையாது. விடைகளைக் குறைந்த ஸ்கோர்காரரிடமிருந்து தொடங்கித் திறப்பார்கள். முன்னணியில் இருப்பவரின் பலகை கடைசியில் திறக்கும்.

இரண்டாம் இடத்தையாவது பத்திரமாகக் காப்பாற்றிக்கொள்ளலாமே?

அதில் பெரிதாக லாபம் இல்லை. ஸ்கோர் முழுவதையும் பணமாக எடுத்துப்போவது வென்றவர் மட்டுமே. இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு நிலையான தொகைதான். நெடுங்காலம் 2,000, 1,000 டாலராக இருந்தது, 2023இல் 3,000, 2,000 ஆனது. வென்றவர் அடுத்த ஆட்டத்துக்கும் வருவார் என்பது அதைவிடப் பெரிய பரிசு. 25,000 டாலரோடு இரண்டாவதாக நிற்பவருக்கும் 2,500 டாலரோடு இரண்டாவதாக நிற்பவருக்கும் கிடைப்பது ஒன்றேதான். ஆகவே கீழே சொல்லும் கணக்கு எல்லாமே ‘எப்படி வெல்வது’ என்ற ஒரே கேள்விக்கானது.

நான் முன்னணியில் இருந்தால் எவ்வளவு கட்டுவது?

இரண்டாமவர் தன் முழு ஸ்கோரையும் கட்டி, விடையும் சரியாக எழுதினால் அவர் ஸ்கோர் இருமடங்காகும். அதைவிட ஒரு டாலர் மேலே நீங்கள் நிற்க வேண்டும். சூத்திரம்:

இரண்டாமவர் ஸ்கோர் × 2 − உங்கள் ஸ்கோர் + 1

இதைக் காப்புப் பந்தயம் என்று சொல்லலாம். ரோச்சின் ஆட்டத்தில் இறுதிக் கேள்விக்கு முன் அவரிடம் 19,200, மௌரரிடம் 11,400. மௌரரின் இருமடங்கு 22,800. அதற்கு மேல் ஒன்று 22,801. அதிலிருந்து 19,200 போனால் 3,601. ரோச் எழுதியதும் துல்லியமாக 3,601தான். விடை சரியாக இருந்திருந்தால் எதிரில் யார் என்ன கட்டியிருந்தாலும் அவரை அசைத்திருக்க முடியாது.

சரி, அப்படியானால் மௌரர் எப்படி வென்றார்?

ரோச்சின் மூளைக்குள் புகுந்து கணக்குப் போட்டதால். முன்னணியில் இருப்பவர் காப்புப் பந்தயம்தான் கட்டுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர் தவறினால் எங்கே வந்து விழுவார்? 19,200 − 3,601 = 15,599. அதைத் தாண்ட மௌரருக்குத் தேவை 15,600. தன் 11,400க்கு மேல் இன்னும் 4,200. அவர் எழுதிய தொகை சரியாக 4,200.

முழு 11,400ஐயும் கட்டியிருந்தாலும் அன்று வென்றிருப்பாரே என்று கேட்கலாம். வென்றிருப்பார்தான். ஆனால் ரோச் தவறும் சூழலில் 4,200க்கு மேல் கட்டும் ஒவ்வொரு டாலரும் கூடுதலாக எந்த வெற்றியையும் வாங்கித் தராது, பரிசுத் தொகையைத்தான் கூட்டும். தன் விடை தவறினால் மூன்றாமவர் தாண்டிப்போகும் ஆபத்தையும் அது கூட்டும். வெற்றிக்குத் தேவையான குறைந்தபட்சத் தொகையை டாலர் பிசகாமல் எழுதியதுதான் அழகு.

குறிப்பு இது: கொக்கோ கோலா அதிபர் ஏசா கேண்ட்லருக்குச் சொந்தமான பழைய பந்தயத் திடல் இருந்த இடத்தில் எழுந்த ஒரு வசதிக்குப் பெயர் தந்த இரண்டு மேயர்கள் யார்? விடை ஹார்ட்ஸ்ஃபீல்டும் ஜாக்சனும், அதாவது அட்லாண்டா விமான நிலையம். கோலா என்றதும் அது பிறந்த அட்லாண்டாவைப் பிடிப்பது முதல் படி, ‘வசதி’ என்பது விமான நிலையம் என்று ஊகிப்பது இரண்டாம் படி. மௌரர் அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்துக்காரர். ரோச் கனடாக்காரர்.

ரோச் ஒரு டாலர் குறைத்துக் கட்டியிருந்தால்?

3,600 கட்டியிருந்தால் தவறிய பிறகு 15,600இல் நின்றிருப்பார். மௌரரும் 15,600. ஆட்டம் சமன், கூடுதல் கேள்வியில் முடிவாகியிருக்கும். எதுவுமே கட்டாமல் விட்டிருந்தால் 19,200இல் நின்று வென்றே இருப்பார்.

அதற்காக 3,601 தவறு என்று சொல்லிவிடக் கூடாது. மௌரர் முழுத் தொகையையும் கட்டி இருவரும் சரியாக எழுதியிருந்தால், அந்த ஒரு டாலர்தான் ரோச்சைக் காப்பாற்றியிருக்கும். எதிராளி எழுதியது தெரியாத நேரத்தில் எடுத்த சரியான முடிவு அது. விடை தெரியாததால்தான் தோற்றார், பந்தயத்தால் அல்ல.

‘மூன்றில் இரண்டு பங்கு’ விதி என்பது என்ன?

இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். உங்கள் ஸ்கோர் முன்னணிக்காரர் ஸ்கோரில் மூன்றில் இரண்டு பங்கையாவது தொட்டிருந்தால், அவர் காப்புப் பந்தயம் கட்டித் தவறும் பட்சத்தில் நீங்கள் எதுவும் எழுதத் தெரியாமல் நின்றாலும் வெல்லலாம். அதற்குக் கீழே இருந்தால் நீங்கள் சரியாக எழுதியே ஆக வேண்டும். கணக்கு:

உங்கள் ஸ்கோர் × 3 − முன்னணிக்காரர் ஸ்கோர் × 2

விடை பூஜ்யமோ அதற்கு மேலோ வந்தால், அதுவரைக்கும் கட்டலாம். தவறினாலும் முன்னணிக்காரரை விட ஒரு டாலர் மேலே நிற்பீர்கள். எதிர்மறை எண் வந்தால் குறைந்தது அந்த அளவு நீங்கள் சம்பாதித்தாக வேண்டும். மௌரர் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 34,200 − 38,400 = −4,200. அவர் எழுதிய அதே எண்.

எதிர்ப்பக்க உதாரணம் 2004 நவம்பர் 30 ஆட்டம். 74 ஆட்டங்களில் 25,20,700 டாலர் வென்றிருந்த கென் ஜென்னிங்ஸ் அன்றுதான் நான்சி ஜெர்க்கிடம் தோற்றார். ஜென்னிங்ஸ் 14,400, ஜெர்க் 10,000. மூன்றாமவர் பூஜ்யத்துக்குக் கீழே இருந்ததால் இறுதிச் சுற்றில் இல்லை. கணக்கு: 30,000 − 28,800 = 1,200. ஆக, 1,200 வரை கட்டியிருந்தால் ஜென்னிங்ஸ் தவறும்போது ஜெர்க்குக்கு விடை தெரியவேண்டிய அவசியமே இல்லை.

ஜெர்க் தேர்ந்தது வேறு வழி. 4,401 கட்டினார். சரியாக எழுதினால் 14,401, அதாவது ஜென்னிங்ஸ் எதுவும் கட்டாமல் நின்றால்கூட அவரை விட ஒரு டாலர் மேலே. தவறினால் 5,599தான். ஆண்டில் நான்கு மாதம் மட்டும் வேலை செய்யும் 70,000 பருவகால ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் எது என்பது குறிப்பு. ஜென்னிங்ஸ் ‘ஃபெடெக்ஸ்’ என்று எழுதினார். விடை, வரிக்கணக்குத் தாக்கல் செய்து தரும் எச் அண்ட் ஆர் பிளாக். ஜென்னிங்ஸ் கட்டியிருந்தது 5,601, விழுந்தது 8,799இல். ஜெர்க்கும் தவறியிருந்தால் ஜென்னிங்ஸின் ஓட்டம் அன்று நின்றிருக்காது.

இரண்டு வழிகளில் எது சரி? முன்னணிக்காரர் காப்புப் பந்தயம் கட்டுவார் என்று நம்பினால் 1,200க்குள் இருப்பதே மேல். அவர் தவறுவது ஒன்று நடந்தால் போதும். ஜெர்க் வழியில் அவர் தவறவும் வேண்டும், நீங்கள் சரியாக எழுதவும் வேண்டும். வென்ற பந்தயம் எல்லாம் சிறந்த பந்தயம் ஆகிவிடாது.

ஜேம்ஸ் ஹோல்ஜவர் கடைசி ஆட்டத்தில் வெறும் 1,399 கட்டினாரே, வேண்டுமென்றே தோற்றாரா?

இல்லை. இந்தச் சந்தேகம் 2019இல் பரவலாகக் கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. அன்று அவர் செய்தது மிகச் சுத்தமான கணக்கு.

ஹோல்ஜவர் 32 ஆட்டங்களை வென்றவர், பெரும் பந்தயத்துக்குப் பெயர் போனவர். 2019 ஜூன் 3 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தில் அவர் இரண்டாம் இடத்தில் இருந்தார். எம்மா பெட்சர் 26,600, ஹோல்ஜவர் 23,400, ஜே செக்ஸ்டன் 11,000.

பெட்சர் என்ன கட்டுவார் என்று பாருங்கள். 23,400 × 2 = 46,800. ஒன்று கூட்டி, 26,600 கழித்தால் 20,201. அவர் சரியாக எழுதினால் ஹோல்ஜவர் முழுத் தொகையைக் கட்டினாலும் ஒரு டாலர் குறையும். ஆக, பெட்சர் சரியென்றால் ஹோல்ஜவருக்கு வழியே இல்லை. அந்தச் சூழலைப் பற்றி யோசிப்பதில் பயனும் இல்லை.

பெட்சர் தவறினால் 6,399க்கு விழுவார். அப்போது ஹோல்ஜவரை மிரட்டக்கூடியவர் செக்ஸ்டன் மட்டுமே. அவரது உச்சம் 22,000. ஹோல்ஜவர் தவறினாலும் 22,001இல் நிற்க வேண்டும். 23,400 − 22,001 = 1,399. பெட்சர் தவறினால் மற்ற இருவரும் என்ன எழுதினாலும் ஹோல்ஜவருக்கே வெற்றி என்று பூட்டிவைத்த எண் அது. 10,000 கட்டியிருந்தால், தானும் தவறி செக்ஸ்டன் இருமடங்காக்கும் வாசலைத் தானே திறந்துவிட்டிருப்பார்.

குறிப்பு ஷேக்ஸ்பியரின் ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தின் ஒரு வரி எந்த எழுத்தாளரின் அகால மரணத்தைச் சுட்டுவதாகக் கருதப்படுகிறது என்பது. கிறிஸ்டோஃபர் மார்லோ. மூவருமே சரியாக எழுதினார்கள். பெட்சர் 46,801, ஹோல்ஜவர் 24,799, செக்ஸ்டன் 17,000.

மூன்றாம் இடத்தில் இருந்தால் நம்பிக்கையே இல்லையா?

இருக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தால். கற்பனையாக 12,000, 9,000, 7,000 என்று வைப்போம். முதலாமவர் காப்பாக 6,001 கட்டுவார், தவறினால் 5,999. இரண்டாமவர் உங்கள் இருமடங்கான 14,000ஐத் தாண்ட 5,001 கட்டினால், தவறும்போது 3,999. நீங்கள் 1,000க்குள் கட்டினால், கடினமான கேள்வியில் மூவருமே தவறினாலும் குறைந்தது 6,000 டாலரோடு நீங்கள்தான் வெற்றியாளர். ‘எப்படியும் மூன்றாவது, முழுவதையும் கட்டிப் பார்ப்போம்’ என்று எழுதுகிறவர்கள் இந்த வெற்றியைத்தான் தூக்கிப் போடுகிறார்கள்.

இறுதிக் கேள்விக்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுமா?

முன்னணிக்காரரிடம் இரண்டாமவரின் இருமடங்கை விட அதிகம் இருந்தால் முடிந்துவிடும். அந்த இருமடங்குக்கு மேல் இருக்கும் தொகையை விடக் குறைவாகக் கட்டினால் போதும். இரண்டாம் சுற்றின் கடைசி நிமிடங்களில் ஒருவர் 800 டாலர் குறிப்புக்காக உயிரைக் கொடுத்து பஸ்ஸரை அழுத்துவது இந்தக் கோட்டைத் தாண்டத்தான், அல்லது தாண்டவிடாமல் தடுக்கத்தான்.

சமன் ஆனால்?

முன்பு இருவருமே வெற்றியாளர்கள், இருவருக்கும் முழுத் தொகை. 2007 மார்ச் 16 ஆட்டத்தில் முன்னணிக்காரர் 13,400உடன் இருந்தார், மற்ற இருவரும் தலா 8,000. அவர் 2,601 கட்டாமல் 2,600 கட்டினார். மூவரும் சரியாக எழுதி, மூவரும் 16,000இல் நின்று, மூவரும் வென்றார்கள். இரண்டு பேருக்குத் தலா 16,000 டாலரை ஒரே ஒரு டாலரால் பரிசளித்தார் என்றே சொல்ல வேண்டும்.

2014 இறுதியில் இந்த விதி போனது. இப்போது சமன் ஆனால் ஒரு கூடுதல் குறிப்பு. பஸ்ஸரை முதலில் அழுத்திச் சரியாகச் சொல்பவருக்கு வெற்றி. ஒருவர் தவறினால் மற்றவர் தானாக வென்றதாகாது, அவரும் சரியான விடையைச் சொல்ல வேண்டும். பழைய உத்திக் குறிப்புகளில் ‘சமனுக்குக் கட்டு’ என்று படித்தால் அது இந்த மாற்றத்துக்கு முந்தையது.

தலைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்தது. கூடுதலாகக் கட்டலாமா?

ஸ்கோர் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள், தலைப்பைப் பிறகு. தலைப்பு எளிதாகத் தெரிவதும் குறிப்பு எளிதாக இருப்பதும் வேறு வேறு.

2022 ஜனவரி 26 ஆட்டம் நல்ல சான்று. 40 ஆட்டங்களை வென்றிருந்த ஏமி ஷ்னைடர் 27,600, ரோன் டால்ஸ்மா 17,600. தலைப்பு ‘உலக நாடுகள்’. குறிப்பு: ஆங்கிலப் பெயர் ‘எச்’ எழுத்தில் முடியும் ஒரே நாடு, மக்கள்தொகையில் முதல் பத்துக்குள் ஒன்று. தென்னாசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பங்களாதேஷ் வந்து விழும். ஷ்னைடரால் எழுத முடியவில்லை. காப்பு 7,601 போதும், அவர் 8,000 கட்டியிருந்தார். 19,600இல் நின்றார். டால்ஸ்மா 12,000 கட்டி 29,600க்கு ஏறினார்.

தலைப்புக்கு ஏற்ப மாற்ற இடம் உள்ளவர், தேவையான தொகைக்கு மேல் ஒரு வீச்சு கிடைத்தவர்தான். டால்ஸ்மாவுக்கு எப்படியும் சரியாக எழுதியே ஆக வேண்டியிருந்தது. 2,400ஓ அதற்கு மேல் எதையுமோ எழுதலாம்.

இரண்டு நாள் ஆட்டங்களில் மட்டும் நிலைமை வேறு. 2011 பிப்ரவரியில் போட்டியாளராக ஆடிய ஐ.பி.எம்.மின் வாட்சன் கணினி ‘அமெரிக்க நகரங்கள்’ தலைப்பில் சிகாகோவுக்குப் பதில் டொரன்டோ என்று எழுதியது. ஆனால் கட்டியது 947 டாலர்தான். இரு நாள் கூட்டுத்தொகையில் அது பெரிதாக உறுத்தவில்லை.

விடை தெரிந்தும் தோற்பது எதனால்?

பெரும்பாலும் எழுத்தில். விடை கேள்வி வடிவில் இருக்க வேண்டும். ‘யார்’, ‘என்ன’ என்ற சொல்லைக் குறிப்பு வருமுன்பே எழுதிவைக்கச் சொல்வது அதற்காகவே. எழுத்துப் பிழை பொறுத்துக்கொள்ளப்படும், ஆனால் வாசித்தால் உச்சரிப்பு மாறக் கூடாது. 2013இல் சிறுவர் வாரத்தில் ‘எமன்சிபேஷன் பிரகடனம்’ (அமெரிக்க அடிமைகளின் விடுதலை அறிவிப்பு) என்பதில் ஒரு கூடுதல் ‘டி’ எழுதி, உச்சரிப்பு மாறியதால் ஒரு சிறுவனின் விடை தள்ளப்பட்டது.

கணக்கிலும் சறுக்குவார்கள். இருமடங்காக்குவதற்குப் பதில் வித்தியாசத்தைக் கட்டுவது ஒன்று. ‘+1’ஐ மறப்பது இன்னொன்று. பதற்றத்தில் 23,400ஐ 24,300 என்று படிப்பதும் உண்டு. தாளில் மூன்று ஸ்கோரையும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அதன் இருமடங்கை எழுதிவிட்டுத் தொடங்கினால் பாதிப் பிழை குறையும்.

எங்கள் கல்லூரியிலோ சங்க விழாவிலோ இந்த முறையில் இறுதிச் சுற்று நடத்துவது எப்படி?

அணிக்கு இரண்டு நிறத் தாள்கள் கொடுங்கள், ஒன்று பந்தயத்துக்கு, ஒன்று விடைக்கு. ஸ்கோரைப் பலகையில் பெரிதாக எழுதி, கணக்குச் சரியா என்று எல்லா அணிகளிடமும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். பிறகு வரும் சண்டைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கும். தலைப்பைச் சொல்லி மூன்று நிமிடம் கொடுங்கள். பந்தயத் தாள்களை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே குறிப்பைப் படியுங்கள், இரண்டு முறை. 30 விநாடி என்பது அணிகளுக்குப் போதாது, கூடிப் பேச ஒரு நிமிடம் தேவை. குறைந்த ஸ்கோரிலிருந்து திறந்து வாருங்கள்: முதலில் விடை, பிறகு பந்தயம்.

கேள்வியைத் தேர்வதுதான் கடினம். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்ற வகை வேண்டாம். ஒரு ஆண்டு, ஒரு எண் கேட்கும் கேள்விகள் இதற்குப் பொருந்தாது. பங்களாதேஷ் குறிப்பைப் போல, மனத்துக்குள் பட்டியலை ஓட்டிப் பார்த்து எட்டிப்பிடிக்கக்கூடியதாக இருக்கட்டும். சமன் ஆனால் கேட்க இரண்டு உபரிக் கேள்விகளை உறையில் வைத்து, விதியை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.